காரில் வயர்லெஸ் சார்ஜர்: பின்னேரத்தில் போன் ஏன் ஏறுவதில்லை

உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை கந்தளாயில், வாகனம் 2017 வாகன் ஆர், போன் ஐபோன் 13. டாஷ்போர்டில் ஒட்டும் வயர்லெஸ் சார்ஜர் ஒன்று, பெட்டியில் 15 வாட் என்று போட்டது, வாங்கி எட்டு மாதம். காலையில் ஏறுகிறது, பின்னேரம் வேலை முடிந்து திரும்பும்போது ஏறுவதில்லை, போன் கொதிக்கிறது. கொழும்புக்கு மேப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் 40 வீதத்தோடு போன போன் ஹபரணையில் 38 வீதம் காட்டுகிறது. இந்த எட்டு மாதத்தில் பற்றரி ஆரோக்கியம் 89 இல் இருந்து 83 க்கு வந்துவிட்டது. சார்ஜர் பழுதா, போன் பழுதா, கியருக்குப் பக்கத்தில் உள்ளே பதிக்கிற சார்ஜர் தட்டு போட்டால் சரிவருமா, அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது, அவர் முன்சீட்டில் இருந்தால் பிரச்சினையா என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் திருகோணமலையில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். இந்தக் கேள்வியோடு மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், மாரி தொடங்கிவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உங்கள் சார்ஜரும் பழுதில்லை, போனும் பழுதில்லை. சூடும், சார்ஜருக்குப் போகும் மின்சாரம் காணாததும்தான் காரணம். இரண்டையும் பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம்.

முதலில் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும். தட்டுக்குள் ஒரு செப்புச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் ஒரு செக்கனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை திசை மாறி மாறி ஓடுகிறது. அந்த மாறும் காந்தப்புலம் போனின் முதுகில் இருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831 இல் மைக்கேல் பரடே கண்டுபிடித்த அதே தூண்டல்தான், நம் தெருமுனை டிரான்ஸ்போமரிலும் நடப்பது இதுதான். வித்தியாசம் என்னவென்றால், டிரான்ஸ்போமரில் இரண்டு சுருளும் ஒரே இரும்புக் கருவில் இறுக்கிச் சுற்றியிருக்கும், இங்கே நடுவில் போனின் கண்ணாடி, பாக் கவர், தட்டின் பிளாஸ்டிக் எல்லாம் நிற்கின்றன. சுருளுக்குச் சுருள் சில மில்லிமீற்றர் தூரம்தான் இருக்கவேண்டும், இரண்டின் மையமும் நேருக்கு நேர் வரவேண்டும். கொஞ்சம் விலகினாலும் சார்ஜ் ஏறும், ஆனால் தட்டு கூடுதல் மின்சாரம் இழுக்கும், போனுக்குப் போய்ச் சேர்வது குறையும், இடையில் காணாமல் போவது சூடாக மாறும்.

எவ்வளவு காணாமல் போகிறது? நல்ல கேபிளில் அடப்டர் கொடுப்பதில் பெரும்பகுதி பற்றரிக்குப் போய்ச் சேரும். வயர்லெஸ்ஸில், எல்லாம் சரியாக வைத்திருந்தாலே, மூன்றில் ஒரு பங்கு அளவு வழியில் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கணக்கில் இது ஒன்றுமில்லை, ஓல்டர்னேட்டருக்கு இந்தச் சில வாட் ஒரு பாரமே இல்லை, பெற்றோல் கூடுமா என்று யோசிக்க வேண்டாம். கவலை அந்தச் சில வாட் எங்கே போய்ச் சூடாகிறது என்பதில்தான். அதில் ஒரு பங்கு நேரே போனின் முதுகில், பற்றரிக்குப் பக்கத்தில் சூடாகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஆப்பிள் தன் போன்களுக்குப் போட்டிருக்கும் கணக்கு, பாவிக்கும்போது சுற்றியிருக்கும் காற்று 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. சும்மா அணைத்து வைக்கிறதென்றால்கூட 45 பாகைதான் மேல் எல்லை, நிறுத்தி வைத்த காருக்குள் விடவேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரநிழலிலேயே பகலில் 35 பாகையைத் தொட்டுவிடும். நீங்கள் வேலைசெய்யும் இடத்தில் கார் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்றால், பின்னேரம் கதவைத் திறக்கும்போது உள்ளே காற்று 50 பாகைக்கு மேல், டாஷ்போர்டின் கறுத்தப் பிளாஸ்டிக் 70 பாகையை எட்டும். அந்த டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சார்ஜரும் அதே சூட்டில் நாள் முழுக்கக் காய்ந்திருக்கிறது. அதில் போய்ப் போனை வைக்கிறீர்கள். ஏசி போட்டு ஐந்து நிமிடத்தில் உங்கள் முகத்துக்குக் குளிர் வந்துவிடும், ஆனால் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்த இடத்துக்குக் குளிர் போய்ச்சேர அரை மணித்தியாலம் ஆனாலும் ஆகும். அதற்கிடையில் நீங்கள் தம்பலகாமத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் 40 பாகையை ஒட்டி இருக்கும், கையில் ஊற்றினால் எவ்வளவு சூடு என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் போனின் முதுகு அதைவிடச் சூடாக இருந்திருந்தால், அந்த நேரத்தில் அதற்குள் மின்சாரத்தைத் தள்ளுவது பற்றரிக்கு நல்லதில்லை. போனுக்கும் இது தெரியும். அதற்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது, எல்லை தாண்டினால் முதலில் சார்ஜ் வேகத்தைக் குறைக்கும், பிறகு திரை வெளிச்சத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் போனால் சார்ஜை நிறுத்திவிட்டு, சூடு தணிந்த பிறகு தொடரும் என்று திரையில் சொல்லும். நீங்கள் பழுது என்று நினைத்தது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைத்தான்.

லிதியம் அயன் பற்றரி சூட்டில் வேகமாகக் கிழடாகும். உள்ளே மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும், பற்றரி வேலைசெய்ய அது தேவை, ஆனால் சூடு கூடக்கூட அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும், அதற்குள் மாட்டிக்கொள்ளும் லிதியம் திரும்பி வராது. சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம், 90, 95 வீதத்தில் இருக்கும் போனை வெயிலுக்குள் தட்டில் விடுவது மிகவும் கெடுதல். ஐபோன் 13 போன்ற போன்களின் பற்றரி 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்று ஆப்பிள் கணக்குச் சொல்கிறது, அதுவும் நல்ல நிலைமையில் பாவித்தால். எட்டு மாதத்தில் ஆறு வீதம் போனது என்பது நடக்காத காரியமில்லை, ஆனால் தினமும் இரண்டு நேரம் இந்த டாஷ்போர்டில் வெந்தது அதில் பெரிய பங்கு என்று நான் தயங்காமல் சொல்வேன். 80 வீதத்தில் நிறுத்தும் வசதி ஐபோன் 15 இல் இருந்துதான் வந்தது, உங்களுடையதில் இல்லை. ஆகவே 80 ஆனதும் நீங்களே கையால் எடுத்துவிடுங்கள்.

சரி, ஹபரணைக் கணக்குக்கு வருவோம், இதில்தான் இரண்டாவது காரணம் ஒளிந்திருக்கிறது. பெட்டியில் இருக்கும் 15 வாட் என்பது தட்டு கொடுக்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. உங்கள் போன் எவ்வளவு வாங்கும் என்பது வேறு கதை. சாதாரண ‘சீ’ (Qi) தரத்துத் தட்டில் (வயர்லெஸ் பவர் கன்சோர்ட்டியம் என்ற அமைப்பு 2008 இல் தொடங்கிக் கொண்டுவந்த பொதுத் தரம் இது, பெட்டியில் அந்தச் சின்னம் இருக்கும்) ஐபோன் 7.5 வாட்தான் வாங்கும். 15 வாட் வேண்டுமென்றால், காந்தத்தால் போனின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஆப்பிளின் மேக்சேப் சார்ஜராகவோ, அந்தக் காந்த அமைப்பைப் பொதுத் தரமாக்கி 2023 இல் அறிவித்த சீ-2 (Qi2) தட்டாகவோ இருக்கவேண்டும். ஐபோன் 13 க்கு சீ-2 வசதி ஐஓஎஸ் 17.2 இல் கிடைத்தது, போனில் மென்பொருள் புதுப்பித்திருந்தால் போதும். அண்ட்ராய்ட் பக்கம் இன்னும் சிக்கல், சில கொம்பனிகள் தங்கள் போனுக்குத் தங்கள் சார்ஜர்தான் என்று சொந்த வேக முறை வைத்திருக்கின்றன, வேறு தட்டில் வைத்தால் வேகம் 5 வாட்டுக்கே இறங்கினாலும் இறங்கும்.

அப்புறம் அந்தத் தட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது? சிகரெட் லைட்டர் ஓட்டையில் என்ன அடப்டர் போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான ஆட்கள் செய்வது, பழைய 2.1 அம்பியர் அல்லது 2.4 அம்பியர் அடப்டர் ஒன்று ஏற்கனவே கிடக்கும், அதில் புதுத் தட்டைக் கொழுவிவிடுவார்கள். 5 வோல்ற்றில் 2.4 அம்பியர் என்றால் 12 வாட்தான். அதில் மூன்றில் ஒன்று வழியில் போனால் மிச்சம் 8 வாட். ஆனால் நடைமுறையில் 9 வோல்ற் கிடைக்காவிட்டால் அனேகமான தட்டுகள் ஆகக் குறைந்த 5 வாட் நிலைக்கே போய்விடும். இன்னும் மோசமானது, காருக்குப் போட்ட அண்ட்ராய்ட் செட்டின் யுஎஸ்பி வயரில் தட்டைக் கொழுவுவது. அந்த வயர் பாட்டுப் பென்டிரைவுக்கு விட்டது, பல செட்டுகளில் அரை அம்பியர்தான் வரும், 2.5 வாட்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஐபோன் 13 பற்றரி 12.4 வாட் மணித்தியாலம். மேப் திறந்து, திரை முழு வெளிச்சத்தில், டேட்டா ஓடிக்கொண்டு இருந்தால் போனே 3 வாட் அளவு தின்னும். தட்டு 5 வாட் கொடுத்தால் மிச்சம் 2 வாட்தான் பற்றரிக்கு, அந்த வேகத்தில் நிரம்ப ஆறு மணித்தியாலம் வேண்டும், அதுவும் சூடு வந்து நிறுத்தாமல் இருந்தால். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வழியில் சிக்னல் குறையும் இடங்களில் போன் கோபுரத்தைத் தேடி இன்னும் பலமாக அலை அனுப்பும், செலவும் கூடும், சூடும் கூடும். பின்னேரம் கொழும்புப் பக்கம் ஓடினால் வெயில் முன்கண்ணாடியால் நேரே போனிலும் தட்டிலும் விழும். இதோடு போனின் மேப்பையும் பாட்டையும் காரின் திரையில் காட்டும் வயர்லெஸ் கார்பிளேயும் ஓடினால், அது வைபையில் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும் வேலை, அதுவும் சூடு. 40 இல் வெளிக்கிட்ட போன் 38 இல் நின்றது இப்படித்தான்.

இனி என்ன செய்வது. முதலில் இடத்தை மாற்றுங்கள். டாஷ்போர்டில் இருந்து கழற்றிவிட்டு ஏசிக் காற்று வரும் வாய்க்கு முன்னால் மாட்டும் ஹோல்டருக்குப் போங்கள். இந்த ஒரு மாற்றத்தால் எத்தனையோ பேரின் பிரச்சினை தீர்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். குளிர் காற்று போனின் முதுகிலும் தட்டிலும் நேரே படும், வெயிலுக்கும் ஒதுக்குப்புறம். வாயின் ஒற்றை இதழில் மட்டும் கொழுவும் கிளிப் வாங்கவேண்டாம், பெரிய போன் என்றால் குழியில் விழுந்து எழும்பும்போது இதழ் முறிந்துவிடும், அது தனியாகக் கிடைப்பதும் கஷ்டம். கொக்கி போட்டுத் திருகி இறுக்குகிற வகையும், கீழே ஒரு கால் கொடுத்துப் பாரத்தை டாஷ்போர்டில் தாங்குகிற வகையும் நல்லது. பார்வை ரோட்டை விட்டு அதிகம் இறங்காத உயரத்தில் வையுங்கள், ஓடும்போது போனைக் கையில் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

இரண்டாவது அடப்டர். 20 வாட் அல்லது அதற்கு மேல், டைப்-சி ஓட்டையில் ‘பிடி’ (PD, வேகச் சார்ஜ் முறை) என்று போட்டது, 9 வோல்ற்றில் 2.2 அம்பியர் கொடுப்பதாக உடம்பில் அச்சடித்திருக்கவேண்டும். அந்த எழுத்தை வாசித்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் “பாஸ்ட் சார்ஜர்” என்று சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நம் ஊரில் இன்னொன்றும் கவனிக்க இருக்கிறது. கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களில் லைட்டர் ஓட்டைக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும். உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். களிம்பு இருந்தால் அடப்டருக்கு 12 வோல்ற் ஒழுங்காகப் போகாது, விட்டு விட்டு வரும், அடப்டரின் நுனியும் சூடாகும். வாகனத்தை அணைத்து, அந்த ஓட்டையின் பியூசைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். பியூசைக் கழற்றாமல் இரும்புச் சாமான் எதையும் உள்ளே விடவேண்டாம்.

மூன்றாவது தட்டு. உங்கள் போனுக்குச் சீ-2 தட்டு வாங்குவது பெறுமதியானது, 15 வாட்டுக்காக என்பதைவிட அதில் இருக்கும் காந்த வளையத்துக்காக. காந்தம் போனை இழுத்துச் சரியான இடத்தில் உட்காரவைக்கும், சுருளின் மையம் விலகாது, அதனால் வீண் சூடும் குறையும். இறுக்கிப் பிடிக்கும் கை உள்ள பழைய ஹோல்டர்களில் நீங்கள் வைக்கும் உயரத்தைப் பொறுத்து மையம் மேலும் கீழும் போகும், குலுக்கத்தில் வழுக்கும். பாக் கவரும் காந்த வளையம் உள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கவர் காந்தத்தின் பிடியைப் பாதியாக்கி, முதல் குழியிலேயே போன் கீழே கிடக்கும்.

கவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சம்பவம். உவர்மலையில் இருந்து ஒரு ஐயா வந்தார், புதுச் சார்ஜர், புது அடப்டர், எல்லாம் சரி, ஆனால் தட்டில் வைத்தால் இரண்டு தரம் மினுங்கிவிட்டு நின்றுவிடும். கடைக்குப் போய் இரண்டு முறை மாற்றியும் இருக்கிறார். நான் கவரைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே கோயிலில் பூசைக்கு வைத்து எடுத்த சின்னச் செப்புத் தகடு ஒன்று மடித்து வைத்திருந்தது. அவர் அதை மறந்தே போயிருந்தார். சுருளுக்கு நடுவில் உலோகம் வந்தால் அதற்குள்ளும் மின்சாரம் சுழன்று சூடாகும். நல்ல தட்டு, தான் கொடுப்பதும் போன் வாங்கிக்கொண்டதாகச் சொல்வதும் கணக்கில் இடிக்கிறது என்று கண்டு தன்னை நிறுத்திக்கொள்ளும். அவருடைய தட்டு நல்ல தட்டு, அதனால்தான் நின்றது. தரமில்லாத தட்டாக இருந்திருந்தால் தகடு கவரைப் பொசுக்கியிருக்கும். தகட்டை எடுத்து மரியாதையாக மணிபேர்சில் வைத்துக் கொடுத்தேன், அன்றைக்கே ஏறியது. கவருக்குப் பின்னால் ஒட்டும் மோதிர வளையம், இரும்புத் தகடு, சில்லறைக் காசு எல்லாம் இதே கதைதான். வங்கி அட்டையையும் கவருக்குள் வைக்கவேண்டாம், சிப்பும் காந்தக் கோடும் பழுதாக வாய்ப்பு இருக்கிறது.

திறப்பும் அப்படித்தான். அக்வா, பிரியஸ், வெசெல் மாதிரி ஸ்மார்ட் கீ வாகனம் வைத்திருப்பவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் திறப்பைப் போடாதீர்கள். வாகனம் திறப்பைத் தேடுவது 125 முதல் 134 கிலோஹேர்ட்ஸ் அளவில், தட்டு வேலைசெய்வதும் ஏறக்குறைய அதே வரிசையில், அதனால் வாகனம் திறப்பைக் காணவில்லை என்று கத்தும். திறப்புப் பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தவர்களைத் தெரியும்.

அடுத்தது, கியருக்குப் பக்கத்தில் பதிக்கும் தட்டு. இது பார்க்க வடிவு, அதில் எனக்கும் ஆசைதான். டொயோட்டா அவலோன் 2013 மொடலில் இருந்து கொம்பனியே காரில் சீ தட்டு போடத் தொடங்கியது, இன்றைக்கு நடுத்தரக் கார்களிலும் வந்துவிட்டது. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதனால் நம் ரோட்டில் ஓடும் பெரும்பாலான கார்கள் தட்டு இல்லாத காலத்துக் கார்கள், வெளியில் வாங்கிப் பதிக்கும் தேவை அதிகம். ஆனால் உங்கள் நிலைமைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கியர் பக்கத்துக் குழிக்குள் காற்றோட்டம் கிடையாது, சின்ன விசிறி உள்ள தட்டாக இல்லாவிட்டால் சூடு அங்கேயே தேங்கும். காந்தம் இல்லாத தட்டு என்றால் வளைவில் போன் நகர்ந்துவிடும். மேப் பார்க்கிறவருக்குப் போன் கீழே படுத்திருந்து என்ன பயன்? கொம்பனியே போட்ட தட்டுகளிலும் குறை வரும். 2023 இல் ஐபோன் 15 வந்த புதிதில் சில பிஎம்டபிள்யூ கார்களின் தட்டில் வைத்தவர்களுக்குப் போனை அருகில் காட்டிக் காசு கட்ட உதவும் என்எப்சி வேலைசெய்யாமல் போனது, பிறகு மென்பொருளில் திருத்தினார்கள்.

அப்படியும் பதிக்கத்தான் வேண்டும் என்றால் வயரிங்கை ஒழுங்காகச் செய்விக்கவேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ரேடியோ வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடும் வேலையை யார் செய்தாலும் விடாதீர்கள். பியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி லைனில், பியூஸ் டாப் (பியூஸ் இடத்தில் செருகித் தனி லைன் எடுக்கும் சாமான்) போட்டு, 3 அம்பியர் பியூசோடு எடுக்கவேண்டும். 15 வாட் தட்டு 12 வோல்ற்றில் இழுப்பது இரண்டு அம்பியருக்குள்தான், 3 போதும். 10, 15 அம்பியர் போட்டால் வயர் உருகிய பிறகுதான் பியூஸ் போகும். எப்போதும் மின்சாரம் இருக்கும் லைனில் கொடுத்தால், வெளிநாடு போய் ஒரு மாதம் வாகனம் நின்றபின் வந்து பார்க்கும்போது பற்றரி இறங்கியிருக்கும், அக்வா மாதிரி ஹைப்ரிட்டுகளில் அந்த 12 வோல்ற் பற்றரி சின்னது என்பதால் இன்னும் சீக்கிரம். ஹைப்ரிட்டில் ஒரேஞ்ச் நிற உறை போட்ட வயர் எதையும் தொடவே கூடாது. அக்வாவின் ஹைப்ரிட் பற்றரி மட்டுமே 144 வோல்ற், பிரியஸ் 200 வோல்ற்றுக்கு மேல், ஆளைக் கொல்லும்.

வயர்லெஸ் வசதி இல்லாத போனுக்கு டைப்-சி ஓட்டையில் செருகி முதுகில் ஒட்டுகிற மெல்லிய சுருள் விற்கிறார்கள், அதைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம். கவருக்குள் அடைபட்டு, சூடு வெளியில் போக வழியில்லாமல், 5 வாட்தான் கொடுக்கும்.

கொழும்புப் பயணத்துக்கு என் சொல்லைக் கேளுங்கள், கேபிள்தான். 260 கிலோமீற்றர், ஐந்தாறு மணித்தியாலம், மேப், அழைப்பு, பாட்டு, இதற்கு வயர்லெஸ் ஏற்றதில்லை. அதே 20 வாட் அடப்டரில் நல்ல கேபிள் ஒன்று போட்டால் கந்தளாய் போவதற்குள் பெரும்பகுதி ஏறிவிடும், பிறகு கழற்றிவிடலாம். வயர்லெஸ் எதற்கு நல்லது என்றால் ஊருக்குள் ஓடும்போதுதான். உள்துறைமுக வீதியால் போய்க் கடைக்கு இறங்கி, திரும்ப ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எடுத்து, பத்துத் தரம் ஏறி இறங்கும் நாளில் வைத்தால் ஏறும், எடுத்தால் நிற்கும், கேபிள் ஓட்டை தேயாது. அந்தச் சின்னச் சின்ன வசதிக்காக நானும் என் வாகனத்தில் ஒன்று வைத்திருக்கிறேன்.

இறங்கும்போது தட்டையும் சேர்த்துக் கழற்றி கதவுப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், முன்கண்ணாடிக்கு மடிப்பு மறைப்பு ஒன்று வையுங்கள். பின்னேரம் ஏறியதும் போனை உடனே தட்டில் வைக்கவேண்டாம், ஏசி போட்டு, கண்ணாடிகளை ஒரு நிமிடம் இறக்கிச் சூடு வெளியேறவிட்டு, பத்து நிமிடம் கழித்து வையுங்கள்.

கடைசியாக அப்பா. இதைக் கேட்டது நல்லது, அனேகம்பேர் கேட்பதில்லை. மேக்சேப் வகைப் போனையும் அதன் சார்ஜரையும் பேஸ்மேக்கரில் இருந்து 15 சென்றிமீற்றருக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கிறது ஆப்பிள், வயர்லெஸ்ஸாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் 30 சென்றிமீற்றருக்கு மேல். நடு ஏசி வாயில் மாட்டிய தட்டுக்கும் பெல்ட் போட்டு முன்சீட்டில் சாய்ந்து இருப்பவரின் நெஞ்சுக்கும் இடையில் அதைவிடத் தூரம் இருக்கும், ஒரு தரம் அளவு நாடா வைத்து அளந்து மனதை ஆறுதல்படுத்திக்கொள்ளுங்கள். அவர் முன்னால் குனிந்து ரேடியோவைத் திருகுவது, தட்டில் இருக்கும் போனை எட்டி எடுப்பது வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பின்சீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. காந்தம் உள்ள போனை அவர் சட்டையின் நெஞ்சுப் பையில் போடவே கூடாது. கிளினிக் போகும்போது அவருடைய பேஸ்மேக்கர் மொடலுக்கு வேறு ஏதும் கட்டுப்பாடு இருக்கிறதா என்று டொக்டரிடம் கேட்டுவிடுங்கள், கையில் கொடுத்திருக்கும் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டினால் சொல்லுவார்.

இப்போதைக்குக் காசு செலவழிக்காமல் ஒன்று செய்து பாருங்கள். நாளைக்கு டாஷ்போர்டில் இருந்து தட்டைக் கழற்றி, ஏசி வாய்க்கு நேரே எப்படியாவது பிடித்துவைத்து, மேப்பை மூடி, கந்தளாயில் எத்தனை வீதம், தம்பலகாமச் சந்தியில் எத்தனை, வீட்டு வாசலில் எத்தனை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடப்டரின் உடம்பில் உள்ள எழுத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்தால் தட்டை மாற்றவேண்டுமா, அடப்டரை மட்டும் மாற்றினால் போதுமா என்று சொல்லிவிடுவேன்.